கஞ்சி காயாத சட்டை

ஜூன் 4

தங்கைக்கு,

நீ கேட்ட சட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதனால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. மகனைப் பறிகொடுத்த வீட்டில், துக்கம் கேட்க வந்தவர்கள் இன்னும் கிளம்பாத நேரத்தில், என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய், "அக்கா, பெரியவனோட சட்டை ஒண்ணு குடு, என் வேலைக்கு வேணும்" என்று கேட்டவள் நீ. பிரார்த்தனையில் உட்காரும்போதெல்லாம் அதை மறக்க வேண்டும் என்று கேட்கிறேன். கடவுள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு ஏன் அனுப்புகிறேன் என்றால், உன் அத்தான் பெரியவனின் துணிகளையெல்லாம் மூட்டை கட்டி யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார். அலமாரியைத் திறந்தால் நான் அங்கேயே நின்றுவிடுகிறேனாம், அடுப்பில் இருப்பது தீய்கிறதாம். முகம் தெரியாத ஒருவன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் எதிரே வந்தால் நான் என்ன ஆவேன்? அதைவிட உன்னிடம் இருக்கட்டும். சாம்பல் நிறத்தில் நீலக் கட்டம், நான் தைத்தது. விரித்துப் பார்க்க மனசு வரவில்லை. துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார் துவைத்து மடித்து அடுக்கியிருந்தபடியே எடுத்துப் பொட்டலம் கட்டினேன்.

சின்னவன் நன்றாக இருக்கிறான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைதான். அண்ணன் போனதிலிருந்து லிஃப்டில் மட்டும் கால் வைப்பதில்லை. எங்கள் மாடிவரை படியில்தான் ஏறி வருகிறான், மூச்சு வாங்கிக்கொண்டு. லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் விழுந்து செத்தவனின் தம்பி வேறு என்ன செய்வான்?

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் எனக்கு இன்னும் பதறுகிறது. எழுது.

அக்கா


ஜூன் 11

அக்கா,

சட்டை வந்தது. நீ போட்டிருந்த முடிச்சுகளை அவிழ்ப்பதற்குள் எனக்கு நகம் போய்விட்டது. தபால்காரர் போட்டுக்கொண்டு போய்விடுவார் என்று பயந்தாயா?

அன்றைக்குக் கேட்ட இடம் தப்பு, நேரம் தப்பு. கேட்டதே தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவன் என்னைச் சித்தி என்று கூப்பிட்டதைவிட "என்ன நூல்கண்டு" என்று கூப்பிட்டதுதான் அதிகம். அவனை என் கையால் ஏதாவது செய்யாமல் எனக்கு ஆறாது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குச் சரியாகச் சொன்னதேயில்லை. கேட்பவர்களிடம் நீயும் "ஏதோ துணி வேலை" என்று முடித்துவிடுவாய். இப்போது சொல்கிறேன். ஒரு சட்டையை முதலில் தையல் பிரித்துத் துண்டுதுண்டாக எடுப்பேன். தண்ணீரில் கரைகிற ஒரு மெல்லிய தாள்துணி இருக்கிறது. அதன்மேல் துண்டுகளைப் பரப்பி, மிஷினில் நூலை விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல ஓட்டுவேன். நடுவில் தேநீரில் ஊறிய காகிதமும் செம்புக் கம்பியும் சேரும். பிறகு சட்டைத் துணியில் கொஞ்சம் கொஞ்சம் மட்டும் விட்டு மீதியை வெட்டி எடுத்துவிட்டு, முழுவதையும் தண்ணீரில் போடுவேன். தாள்துணி கரைந்துபோகும், நூல் மட்டும் நிற்கும். அதைக் கஞ்சியில் தோய்த்துப் பொம்மை உடம்பின்மேல் காயவிட்டு, காய்ந்ததும் பொம்மையை உருவிவிடுவேன். உள்ளே ஆள் இல்லாமல் ஒரு சட்டை தானாக நிற்கும்.

இப்படி ஒரு பஸ் கண்டக்டரின் மேல்சட்டை, ஒரு பிரசவ நர்ஸின் கோட்டு, ஒரு பேக்கரிக்காரரின் அங்கி எல்லாம் என் அறையில் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே இறந்துபோனவர்களுடையவை, வீட்டார் தாமாகக் கொடுத்தவை. துணியைத் துருப்பிடித்த ஆணியில் சுற்றி வினிகரில் ஊறவைத்துக் கறையேற்றிப் பார்த்தேன், மெழுகில் தோய்த்துப் பார்த்தேன். தோற்றவை கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. ஒரே ஒருமுறை என் சொந்த ஜாக்கெட்டை எடுத்துத் தைத்தேன். தைக்கத் தைக்கக் குளிர்ஜுரம் போல வந்தது, என் பெயரைக் கூப்பிட்டால்கூட அது யாரோ என்று இருந்தது. பாதியிலேயே பிரித்துப் போட்டேன். உயிரோடிருப்பவர் துணியை அன்றிலிருந்து நான் தொடுவதில்லை.

நாளைக்குப் பெரியவனின் சட்டையைப் பிரிக்கப்போகிறேன். கும்பிட்டுக்கொள்.

தங்கை


ஜூன் 22

தங்கைக்கு,

கும்பிட்டுக்கொண்டேன், உனக்காக அல்ல. உள்ளே ஆள் இல்லாத சட்டை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். அத்தான் படித்துவிட்டு, "இதையெல்லாம் யாரு வாங்குவா, எங்க மாட்டுவா?" என்று கேட்டார். அவருக்குக் கலை என்றால் சுவரில் ஆணி தாங்குமா என்பதுதான் கவலை.

ஒரு நல்ல செய்தி. போன வாரம் சின்னவன் லிஃப்டில் வந்தான். கதவு திறக்கும் சத்தம் கேட்டு யாரோ என்று எட்டிப் பார்த்தால் இவன். முகத்தில் பயமே இல்லை. சாமிக்கு விளக்கேற்றி அழுதேன். என் பிரார்த்தனை வீண்போகவில்லை என்று தோன்றியது. அதிலிருந்து தினமும் அப்படித்தான் வருகிறான். இறங்கியதும் உடனே வீட்டுக்குள் வருவதில்லை. லிஃப்ட் கதவில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்சநேரம் நிற்கிறான். பெரியவனும் அப்படித்தான் மோட்டார் சத்தத்தைக் கையாலேயே கேட்பான், உனக்கு நினைவிருக்கும். அண்ணனைப் பார்த்துப் பழகியது இப்போது வெளியே வருகிறது போலிருக்கிறது.

வேலையை முடித்தாயா? அது எப்படி இருக்கிறது?

அக்கா


ஜூலை 1

அக்கா,

முடித்துவிட்டேன். ஆனால் காயவில்லை.

கஞ்சி வைத்து இவ்வளவு நாளாகிறது. மின்விசிறி, வெயில், அத்தனையும் காட்டியாயிற்று. மற்றவை எல்லாம் மறுநாளே அப்பளம்போல விறைத்துவிடும். இது மட்டும் அக்குளிலும் காலரிலும் ஈரமாகவே இருக்கிறது. கைவைத்தால் வெதுவெதுப்பு. அதுவும் காலையில் கடைகள் திறக்கும் நேரத்துக்கு ஈரம் ஏறும், சாயங்காலம் இறங்கும், ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக இல்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மார்புப் பக்கம் ஏறி இறங்குகிறது. காற்று என்று ஜன்னலைச் சாத்தினேன், விசிறியை நிறுத்தினேன். வீட்டுக்காரர் வாடகை விஷயமாக வந்தவர், "இத்தனை சட்டை வெச்சிருக்கீங்க, ஒண்ணைக்கூடப் போட முடியாது போல" என்று சிரித்துக்கொண்டே வரிசையைப் பார்த்துப் போனார். இதன் முன்னால் வந்ததும் ஒதுங்கி வழிவிட்டார். ஒரு மனிதருக்கு ஒதுங்குவதைப் போல. ஒதுங்கியது அவருக்கே தெரியவில்லை.

இன்னொன்று. காலையில் பார்த்தால் கைமடிப்பில் வெள்ளையாக மாவுபோல ஏதோ படிந்திருக்கிறது. தட்டிவிட்டால் மறுநாளும் இருக்கிறது. கஞ்சிதான் உதிர்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் விரலில் கீறுகிறது.

பெரியவன் வந்திருக்கிறானா அக்கா? பயமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. நீதான் இதிலெல்லாம் தெரிந்தவள். சொல்.

தங்கை


ஜூலை 8

தங்கைக்கு,

உன் கடிதத்தை எல்லோரும் இருக்கும் வீட்டில் ஒளித்து ஒளித்துப் படித்தேன். முதலில் எனக்கு வந்தது பொறாமை. பெற்றவள் இங்கே கண் பூத்துப்போய் உட்கார்ந்திருக்க, அவன் உன் அறைக்கா வருவான்? பிறகு மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், அவன் இங்கேயும் வருகிறான். சின்னவன் என்னை "ம்மா" என்றுதான் கூப்பிடுவான், வாய்க்குள்ளேயே. பெரியவன்தான் வாசலிலிருந்தே "அம்மோவ்" என்று இழுப்பான். நேற்று வாசலில் அந்தக் குரல் கேட்டது. கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். சின்னவன் நின்றுகொண்டிருந்தான். சிரித்தான். பெரியவனைப் போல இடது பக்கமாகச் சிரித்தான்.

அவன் சட்டைக் கையில் கருப்பாக மசகு. கண்ணாடிக் கடையில் மசகு ஏது? கேட்டேன். சமையலறை விளக்கைக் கழற்றிச் சரிசெய்யப் போய்விட்டான். அந்த விளக்கைப் பெரியவன் போன நாளிலிருந்து யாரும் தொடவில்லை.

அந்த வெள்ளைத் தூளைக் கொஞ்சம் காகிதத்தில் மடித்து அனுப்பு. எனக்கு என்னவோ நெஞ்சில் உறுத்துகிறது.

அக்கா


ஜூலை 13

அக்கா,

தூள் இதனுடன் இருக்கிறது. விரலால் தேய்க்காதே.

நேற்று ஒரு சோதனை செய்தேன். சட்டைக்கு முன்னால் என் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வந்தேன். ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்காதே. திரும்பி வந்தபோது கண்ணாடி வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் துடைத்திருந்தது. என் கண்ணாடி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், அதில் நான் பார்ப்பதே பழக்கத்தில்தான். இப்போது தண்ணீர்போல இருக்கிறது.

பெரியவனுக்குக் கண்ணாடி துடைக்கிற பழக்கம் உண்டா?

தங்கை


ஜூலை 17

தங்கைக்கு,

அது கஞ்சி இல்லை. கண்ணாடித் தூள். லென்ஸ் தேய்க்கும்போது பறப்பது. தினமும் சின்னவனின் கைமடிப்பிலிருந்து நான் உதறியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஒரு மாதமாக அவன் கைமடிப்பில் அது இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

உனக்குத் தெரியும், பிள்ளைகள் இருவருக்கும் நான் ஒரே துணியெடுத்து ஒரே மாதிரித்தான் தைப்பேன். ஒருவனுக்கு நல்லது, ஒருவனுக்குக் குறைச்சல் என்ற பேச்சே வரக்கூடாது என்று. உடம்பும் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அடையாளத்துக்குக் காலரின் உள்பக்கம் பெரியவனுக்குச் சிவப்பு நூலில் ஒரு சின்னத் தையல் போடுவேன், சின்னவனுக்குப் பச்சை. நாத்தனாருக்கு அது தெரியாது. துவைத்து எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் வைத்துவிட்டிருக்கிறாள். நானும் விரித்துப் பார்க்காமல் எடுத்து உனக்குக் கட்டினேன்.

இன்று மத்தியானம் அவன் சாப்பிடக் குனிந்தபோது காலர் விலகியது. உள்ளே சிவப்பு.

கையில் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றேன். உன்னிடம் இருப்பது சின்னவனின் சட்டை. பெரியவனின் சட்டையை இவன் நாள்தோறும் போட்டுக்கொண்டிருக்கிறான், இப்போதெல்லாம் துவைக்கக்கூடக் கழற்றித் தருவதில்லை. நான் நிற்பதைப் பார்த்து நிமிர்ந்து கேட்டான்.

"அம்மோவ், தம்பி இன்னும் வரலியா? அவனுக்குச் சோறு இருக்கா?"

இருக்கிறது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வேன்? என்ன செய்துவிட்டேன் நான்? உன் அறைக்குப் போய் அந்தக் காலரைப் பார், பச்சையா என்று சொல். தெரிந்துதான் கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 20

அக்கா,

பச்சை. நூலோடு நூலாகப் போயிருந்ததால் நான் கவனிக்கவில்லை. உயிரோடிருப்பவன் துணியைத் தைத்திருக்கிறேன். என் ஜாக்கெட்டை நான் பாதியில் பிரித்தேன், இதை முழுக்க முடித்துவிட்டேன்.

போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், இப்போது கவனமாகப் படி. கஞ்சியைக் கரைத்து இதைச் சாய்த்துவிடுவது எனக்கு ஒரு வாளித் தண்ணீர் வேலை. ஆனால் சின்னவன் இங்கேயிருந்து போக ஓர் இடம் வேண்டும். அவன் உடம்பில் இப்போது இடம் இல்லை, அங்கே பெரியவன் இருக்கிறான். அதனால் முதலில் நீ அவன் மேலிருந்து அந்தச் சட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் இவன் தானாக வந்துவிடுவான் என்று எனக்குத் தோன்றுகிறது. நிச்சயமாகத் தெரியாது. இதற்கெல்லாம் படிப்பு இல்லை, நான் தைத்துத் தைத்துக் கற்றுக்கொண்டவள்.

இன்றே செய். ஈரத்தில் நூல் நைந்துகொண்டே வருகிறது, முழங்கையில் பூஞ்சை பிடித்துவிட்டது. இது தானாக விழுந்தால் அவன் எங்கே போவான் என்று எனக்குத் தெரியாது.

தங்கை


ஜூலை 24

தங்கைக்கு,

ஞாயிற்றுக்கிழமைவரை பொறுத்துக்கொள்.

திட்டாதே. நீ பிள்ளை பெறாதவள் என்று ஒருமுறை கோபத்தில் சொன்னேன், அதைத் திரும்பச் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று அவன் என் மடியில் தலைவைத்துப் படுத்தான். அந்தக் கனம், தங்கை. தலை வைக்கும் விதம் ஒவ்வொருவனுக்கும் வேறு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வழுக்கி விழுந்தபோது வலித்ததா என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியலம்மா, சத்தம்தான் கேட்டுச்சு" என்றான். இத்தனை மாதமாக நான் கடவுளிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். பதில் சொல்லவே அவனை அனுப்பியிருக்கிறார் என்றால் நான் எப்படி உடனே போ என்பேன்?

அத்தானுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவனோடு உட்கார்ந்து மோட்டார், கம்பி, கப்பி என்று பேசிக்கொண்டிருக்கிறார், சிரிக்கிறார். எதையும் கேட்பதில்லை. இப்படி ஒரு வாரம் இந்த வீட்டில் சிரிப்பு இருந்தால் என்ன குறைந்துவிடும்?

சின்னவனிடம் சொல். அம்மா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள் என்று.

அக்கா


ஜூலை 26

அக்கா,

சொன்னேன். சட்டையின் முன்னால் நின்று, உங்கம்மா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவா என்று பைத்தியக்காரிபோலச் சொன்னேன். அதுவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்த மார்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிட மெதுவாக.

அவன் எப்போதும் அப்படித்தான் அக்கா. அண்ணனுக்கு முதலில் என்றால் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வான். ஒரே துணியில் தைத்தாய், உண்மைதான். முதலில் யாருக்கு அளவெடுத்தாய்?

சட்டையின் வலது கை இன்று காலையில் அறுந்து விழுந்துவிட்டது. இதைத் தபாலில் போடாமல், உங்கள் பக்கம் வரும் பார்சல் வண்டிக்காரரிடம் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்தவுடன் எழுந்திரு. உட்கார்ந்து யோசிக்காதே.

தங்கை


ஆகஸ்ட் 2

தங்கைக்கு,

பார்சல்காரர் கடிதத்தைக் கொடுத்தபோது அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஷேவிங் செய்துகொண்டிருந்தான், வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால். கை மரத்துப்போயிருக்கிறது என்றான். உன் கடிதத்தில் நீ கேட்டிருந்த கேள்விக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. அதற்கான பதில் எனக்குத் தெரியும், கடவுளுக்கும் தெரியும்.

நான் அவன் எதிரே உட்கார்ந்தேன். அத்தான் கூடத்திலிருந்து எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். சட்டையைக் கழட்டு, துவைக்கணும் என்று ஆரம்பித்தேன். அவனிடம் நான் ஒருநாளும் பொய் சொல்லி ஜெயித்ததில்லை. ரேசரைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்.

"தம்பி வரணுமா?"

"ஆமாம்ப்பா."

"நான் இருக்கேனேம்மா."

ஒருமுறை அவனை ஊரார் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் வாசலில் கிடந்தேன், எனக்கு ஒரு பொறுப்பும் இல்லை. இந்த முறை என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"நீ போப்பா."

அவன் கோபப்படவில்லை. பொத்தான்களை மேலிருந்து கீழாகக் கழற்றினான். இடது கைதானே, மெதுவாகத்தான் வந்தது. நான் உதவப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தான். கழற்றி, காலரை உள்ளே மடித்து, என் கையில் கொடுத்தான். சட்டை சூடாக இருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரே உட்கார்ந்திருந்தவன் நடுங்கிக்கொண்டிருந்தான். உதடு நீலமாக இருந்தது. ரொம்ப தூரம் தண்ணீரில் நடந்துவந்தவன்போல முடி ஈரமாக இருந்தது. "ம்மா, குளுருது" என்றான், வாய்க்குள்ளேயே.

அப்போது உன் அறையில் என்ன நடந்தது என்று நீ போனில் சொல்லிவிட்டாய், அதைத் திரும்ப எழுத வேண்டாம். நூல் முழுவதையும் எரித்துவிட்டேன் என்றாய், நல்லது.

சின்னவனுக்கு வலது கை இன்னும் சரியாக வரவில்லை. டாக்டர் நரம்பு என்கிறார், நாளாகும் என்கிறார். கடையில் லீவு சொல்லியிருக்கிறான். மறுபடி படியில்தான் ஏறுகிறான். என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று நான் கேட்கவில்லை, நீ ஏன் கூப்பிடவில்லை என்று அவனும் கேட்கவில்லை. சாப்பாட்டை அவனுக்கு முதலில் போடுகிறேன். அவன் தட்டைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், அப்புறம் சாப்பிடுகிறான்.

பெரியவனின் சட்டையை இந்தப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். சிவப்புத் தையலை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன். இந்த வீட்டில் வைத்துக்கொள்ள என்னால் முடியாது. வைத்திருந்தால் ஒருநாள் எடுத்து இவனைப் போடச் சொல்லிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். தைப்பதும் தைக்காமல் வைப்பதும் உன் இஷ்டம்.

அது அசைந்தால் மட்டும் எனக்கு எழுதாதே.

அக்கா